கோல்ட்ஃப்ராப்பின் 'ஃபெல்ட் மவுன்டன்': 57-ஆம் இடத்தோடு நின்ற ஆல்பத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

கேள்வி இது: ட்ரிப் ஹாப் என்ற மெதுவான தாளம் கொண்ட பிரிட்டிஷ் இசை வகைக்குப் பட்டியல் யார் போட்டாலும் கோல்ட்ஃப்ராப் இரட்டையரின் முதல் ஆல்பமான 'ஃபெல்ட் மவுன்டன்' அதில் வந்துவிடுகிறது. ஆனால் பிரிட்டிஷ் ஆல்பம் வரிசையில் அது 57-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அந்த வகையில் பேர்பெற்ற போர்ட்டிஸ்ஹெட் குழுவின் சாயல் என்று வெளிவந்தபோதே பேச்சு இருந்தது. பிறகு ஏன் இத்தனை மதிப்பு?

சாயல் உண்டு, நகல் இல்லை. 57 என்பதும் உண்மைதான், ஆனால் அந்த எண்ணை வைத்து இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பை அளக்க முடியாது. விமர்சகர்கள் இதை நன்றாகவே புகழ்ந்தார்கள். புகழ்ந்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் பாதிதான் சரி என்பது என் எண்ணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

கோல்ட்ஃப்ராப் என்பது பாடகி ஆலிசன் கோல்ட்ஃப்ராப்பின் குடும்பப் பெயர். குழுவில் இருப்பது இரண்டே பேர், அவரும் வில் கிரெகரியும். ஆலிசன் 1966-இல் பிறந்தவர், ஹாம்ப்ஷயர் பக்கம் ஆல்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இசைக் கல்லூரிக்குப் போனவர் இல்லை, லண்டனில் நுண்கலை படித்தவர். மாணவியாக இருந்தபோது ஒரு பசுவைக் கறந்துகொண்டே ஆல்ப்ஸ் மலை இடையர்கள் பாணியில் 'யோடல்' பாடியதை ஒரு கலைப் படைப்பாகவே நிகழ்த்திக் காட்டினார். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இந்த ஆல்பத்தில் அவர் குரலை என்ன செய்கிறார் என்பதற்கான விதை அங்கேயே இருக்கிறது. பாட்டுக்குச் சொற்கள் வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு அப்போதே இல்லை.

1990-களின் நடுவில் அவர் மற்றவர்களின் பதிவுகளில் பாடிக்கொண்டிருந்தார். 1994-இல் ஆர்பிட்டல் குழுவின் 'ஸ்னிவிலைசேஷன்', 1995-இல் ட்ரிக்கியின் 'மேக்ஸின்க்வே' ஆல்பத்தில் 'பம்ப்கின்'. இரண்டாவது முக்கியம், ஏனென்றால் 'மேக்ஸின்க்வே' ட்ரிப் ஹாப்பின் தூண்களில் ஒன்று. எனவே யாரோ தூரத்திலிருந்து, ட்ரிப் ஹாப் பிறந்த பிரிஸ்டல் நகரத்தின் ஒலியைக் கேட்டு அதைப்போலச் செய்து பார்த்தார்கள் என்ற கதை ஆலிசனுக்குப் பொருந்தாது. அவர் அதற்குள்ளிருந்தே வந்தவர்.

வில் கிரெகரி வேறு வகை. முறையாக இசை பயின்றவர், சாக்ஸபோன் வாசிப்பவர், டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவோடு 1980-களிலேயே வாசித்தவர். படங்களுக்கு இசையமைக்கும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய அனலாக் சிந்தசைசர்கள் மேல் தீராத பிரியம். ஆலிசன் பாடிய ஒரு மாதிரிப் பதிவைக் கேட்டுத்தான் அவரைத் தேடிப் பிடித்தார். முதலில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அப்புறம் இருவரும் ஒலிநாடாக்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1999 ஆகஸ்டில் மியூட் ரெக்கார்ட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது.

அடுத்த மாதமே வில்ட்ஷயர் கிராமப்புறத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து வேலையைத் தொடங்கினார்கள். பங்களா என்றால் நாம் நினைப்பதுபோல் மாளிகை இல்லை. இங்கிலாந்தில் மாடி இல்லாத சின்ன வீட்டுக்கு அதுதான் பெயர். ஏறக்குறைய ஆறு மாதம் பதிவு நடந்தது. ஆலிசன் பல நேரம் அங்கே தனியாகவே இருந்தார். எலியும் பூச்சியும் நடமாடும் வீடு, சுற்றிலும் வயல். அந்தத் தனிமை தனக்குக் கடினமாக இருந்ததை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தில் எங்கும் ஒரு நகரத்தின் சத்தம் கேட்காததற்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிஸ்டல் ஆல்பங்களில் இரவுத் தெரு, கிளப், ஈரமான தார்ச்சாலை எல்லாம் மனதில் வரும். இதில் காடு வருகிறது, மலை வருகிறது, மான் வருகிறது, குதிரை வருகிறது. மலையும் மானும் குதிரையும் பாட்டுகளின் பெயரிலேயே வருகின்றன.

2000 செப்டம்பரில் ஆல்பம் வெளிவந்தது. ஒன்பது பாட்டு, மொத்தம் நாற்பது நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. குறுந்தகட்டில் எழுபது நிமிடத்தை நிரப்பித் தள்ளிய காலம் அது. இந்த அளவுக்கு அடக்கமாக ஒரு முதல் ஆல்பம் வந்ததையே நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

முதல் பாட்டு 'லவ்லி ஹெட்'. ஒரு சீழ்க்கையோடு தொடங்குகிறது. எனியோ மோரிக்கோனே இசையமைத்த இத்தாலிய கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சீழ்க்கை எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு மெதுவான தாளம், தந்தி ஒலிகள், காதோரம் பேசுவதுபோல ஆலிசனின் குரல். வரிகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று கிளம்பும். மின்கிதார் அலறுவது மாதிரியும் இருக்கும், தொடாமலே வாசிக்கும் மின்கருவியான தெரமின் மாதிரியும் இருக்கும், உடைந்து கீறி மேலே மேலே ஏறும். முதல் தடவை கேட்பவர்கள் பெரும்பாலும் அதை ஏதோ ஒரு வாத்தியம் என்றே நினைப்பார்கள். அது ஆலிசனின் குரல்.

அது எப்படி வந்தது என்பது தெரிந்தால் பாட்டு இன்னும் பிடிக்கும். 1978-இல் கோர்க் நிறுவனம் எம்எஸ்-20 என்ற சிந்தசைசரைக் கொண்டுவந்தது. அதன் முகப்பில், வெளியிலிருந்து வரும் ஒலியை உள்ளே வாங்கிக்கொள்ள ஒரு துளை உண்டு. அதில் மைக்கைச் சொருகிப் பாடினால், கருவி அந்தக் குரலின் சுருதியை மின்னழுத்தமாக மாற்றி, அதை வைத்துத் தன் சொந்த ஒலியை எழுப்பும். அதாவது நாம் பாடினால் அது கூடவே பாடும். ஆனால் மனிதக் குரலை அது துல்லியமாகப் பின்தொடராது. மூச்சு, நடுக்கம், மெய்யெழுத்தின் உரசல் எல்லாம் அதைக் குழப்பும். குழம்பும்போது சுருதி தாவும், உடையும். சுத்தமான பதிவு வேண்டுபவர்கள் இதைக் கோளாறு என்று ஒதுக்குவார்கள். இவர்கள் அந்த உடைசலையே பாட்டின் உச்சமாக வைத்தார்கள். இதமாகப் பாடிக்கொண்டிருந்த அதே பெண்தான் இரண்டு நொடி கழித்து இயந்திரமாகிக் கதறுகிறாள். அதில் ஒரு பயம் இருக்கிறது, அழகும் இருக்கிறது. மேடையிலும் அந்தப் பகுதியை ஆலிசனே பாடினார், பதிவை ஓடவிட்டு ஒப்பேற்றவில்லை.

இப்போது விமர்சகர்களிடம் வருகிறேன். அன்று எழுதியவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பட்டியலைத்தான் கொடுத்தார்கள்: ஜேம்ஸ் பாண்ட் படங்களின் இசையமைப்பாளர் ஜான் பாரி, மோரிக்கோனே, பாண்ட் பாட்டுகள் பாடிய ஷர்லி பேஸி, பெர்லினின் இரவு விடுதி மேடை இசையான காபரே, கூடவே போர்ட்டிஸ்ஹெட். திரைப்படம் இல்லாத திரையிசை என்ற பாராட்டு திரும்பத் திரும்ப வந்தது. தவறில்லை. 'ஹ்யூமன்' பாட்டைக் கேட்டால் அடுத்து துப்பாக்கிக் குழல் வழியாக யாராவது நடந்து வருவார்களோ என்று தோன்றும். 'பைலட்ஸ்' பாட்டில் விமானிகள் மேகத்துக்கு மேலிருந்து உலகைப் பார்க்கிறார்கள், தந்தி வாத்தியங்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பாரியின் கைவண்ணம் அதில் அப்பட்டமாகத் தெரியும். ஏழாவது பாட்டு காபரே மேடையின் கோமாளித் தாளத்தில் நடக்கிறது. போலன்ஸ்கியின் 1966-ஆம் வருடத்துப் படம் 'கல்-டி-சாக்' அதற்குத் தூண்டுதல்.

ஆனால் இந்தப் பட்டியலோடு நின்றுவிட்டால் ஆல்பம் வெறும் பழைய படங்களின் நினைவு ஆகிவிடும். பாரியையும் மோரிக்கோனேயையும் நினைவூட்டுகிற ஆல்பங்கள் 1990-களின் கடைசியில் எத்தனையோ வந்தன, பெரும்பாலானவை இன்று யார் நினைவிலும் இல்லை. 'ஃபெல்ட் மவுன்டன்' நின்றதற்குக் காரணம் ஆலிசன் ஒன்பது பாட்டில் ஒன்பது ஆளாக வருவதுதான். 'டியர் ஸ்டாப்' பாட்டில் குழந்தைபோல மழலையில் முணுமுணுக்கிறார், சொற்கள் பாதி பிடிபடுவதே இல்லை. பிடிபடாததால்தான் அது மனதைச் சங்கடப்படுத்துகிறது. தலைப்புப் பாட்டில் பாடல் வரியே கிடையாது, வெறும் குரல் மலைப்பக்கம் மிதக்கிறது. 'யுடோபியா'வில் ஒரு ஓபரா பாடகிபோல உச்சத்துக்குப் போகிறார்.

அந்த 'யுடோபியா' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்டு தேனாக இருக்கும். தியானத்துக்குப் போட்டு வைக்கலாம் போலத் தோன்றும். வரிகளைக் கவனித்தால், எல்லாம் கச்சிதமாக வடிவமைக்கப்பட்ட, மிகையான மூளை கொண்ட ஒரு பிறவி பேசுகிறது. 'பாசிஸ்ட்' என்ற சொல்லே வரியில் வருகிறது. மனித மரபணு வரைவின் முதல் வடிவம் 2000 ஜூனில் அறிவிக்கப்பட்டு உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அந்தப் பாட்டின் பின்னாளைய வடிவத்துக்கு 'மரபணு செறிவூட்டப்பட்டது' என்ற பொருளில்தான் துணைப்பெயர் வைத்தார்கள். இவ்வளவு இனிமையான மெட்டில் இவ்வளவு கசப்பான விஷயத்தை வைத்ததைப் பற்றி அன்று இன்னும் நிறையப் பேர் எழுதியிருக்க வேண்டும். தந்தி வாத்தியங்களின் அழகில் பலருக்கும் அது கண்ணில் படாமல் போய்விட்டது.

சரி, இது ட்ரிப் ஹாப்தானா?

அந்தப் பெயர் 1994-இல் பிரிட்டிஷ் நடன இசை இதழான மிக்ஸ்மேக்கில் அச்சேறியது. மெதுவாக்கிய ஹிப் ஹாப் டிரம், ஜமைக்காவின் டப் இசையிலிருந்து வந்த கனமான பேஸ், பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள், மேலே சோகமான ஒரு குரல். மாஸிவ் அட்டாக்கின் 'ப்ளூ லைன்ஸ்' 1991-இல், போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி' 1994-இல் வந்தன. இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் 'ஃபெல்ட் மவுன்டன்' பாதிதான் தேறும். வேகம் அதேதான். போர்ட்டிஸ்ஹெட்டின் ஏட்ரியன் அட்லியே இதில் பேஸ் வாசித்திருக்கிறார், ஆக ரத்த உறவும் உண்டு. ஆனால் ஹிப் ஹாப் இதில் ஏறக்குறைய இல்லை. இசைத்தட்டைச் சுரண்டும் சத்தம் இல்லை, அந்தப் பொரபொரப்பும் இல்லை.

வேறுபாட்டை ஒரு உதாரணத்தில் காட்டலாம். போர்ட்டிஸ்ஹெட்டின் 'சவர் டைம்ஸ்' பாட்டில் மையமாக ஓடுவது லாலோ ஷிஃப்ரின் எழுதிய 'மிஷன் இம்பாசிபிள்' தொடர் இசையின் ஒரு துண்டு. பழைய திரையிசையை வெட்டி எடுத்துச் சுழலவிட்டு அதன்மேல் பாடுவது அவர்கள் முறை. வில் கிரெகரி வெட்டி எடுக்கவில்லை, அந்த மாதிரி இசையைப் புதிதாக எழுதினார். துண்டைச் சுழலவிட்டால் அது திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் வரும். எழுதினால் நான்கு நிமிடத்துக்குள் சுரவரிசையை மாற்றலாம், உச்சத்துக்குக் கொண்டுபோய் இறக்கலாம். அதனால்தான் இந்தப் பாட்டுகள் ஒரே மனநிலையில் சுற்றிக்கொண்டிருக்காமல் எங்கோ போய்ச் சேர்கின்றன.

குரலிலும் அப்படித்தான். போர்ட்டிஸ்ஹெட்டின் பாடகி பெத் கிப்பன்ஸ் பாடும்போது ஒரே ஒரு பெண்ணின் துயரம் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறது, அதை நாம் நம்பிவிடுகிறோம். ஆலிசன் நம்பச் சொல்வதில்லை. அவர் வேடம் கட்டுகிறார், அந்த வேடம் நமக்குப் பழகுவதற்குள் மாற்றிவிடுகிறார். இரண்டும் இரண்டு கலை. ஒன்றை மற்றதன் நிழல் என்று சொல்வது இருவருக்குமே நியாயம் இல்லை.

ஆனால் அந்த ஒப்பீடு ஏன் எழுந்தது என்பது புரிகிறது. போர்ட்டிஸ்ஹெட் 1997-இல் இரண்டாவது ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. மூன்றாவது ஆல்பம் வர 2008 ஆனது. நடுவில் அவர்கள் ரசிகர்கள் ஏங்கிப்போய்க் காத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், 2000 வாக்கில் ட்ரிப் ஹாப் என்றாலே காபிக் கடையில் பின்னணியாக ஓடும் மெத்தென்ற இசை என்று ஆகிவிட்டிருந்தது. பெண் குரல், மெதுவான தாளம், தந்தி வாத்தியம் என்று எது வந்தாலும் அந்த அலமாரியில்தான் வைப்பார்கள்.

விற்பனையைப் பார்ப்போம். ஆல்பத்திலிருந்து வந்த தனிப்பாட்டுகள் எதுவும் பிரிட்டனில் முதல் 40-க்குள் வரவில்லை. ஆல்பமும் வெளியான வாரத்தில் பெரிய பரபரப்பு எதையும் கிளப்பவில்லை. ஆனாலும் அது நிற்காமல் விற்றுக்கொண்டே இருந்தது, பிரிட்டனில் தங்கச் சான்றிதழ் வாங்கியது. அங்கே அதற்கு ஒரு லட்சம் பிரதி வேண்டும். முதல் வாரத்திலேயே உச்சியைத் தொட்டு அடுத்த மாதம் காணாமல் போகும் ஆல்பங்களுக்கு நேர்மாறான பாதை இது. வாரப் பட்டியலின் உச்ச இடம் இந்த மாதிரி மெதுவான விற்பனையைக் காட்டவே காட்டாது.

அந்த மெதுவான பரவலுக்கு மியூட் நிறுவனமும் பொருத்தமான வீடாக இருந்தது. டேனியல் மில்லர் 1978-இல் தொடங்கிய நிறுவனம், டெபெஷ் மோடையும் நிக் கேவையும் வளர்த்தது. 1999-இல் அவர்கள் வெளியிட்ட மோபியின் 'ப்ளே' ஆல்பம் ஆரம்பத்தில் மந்தமாகத்தான் போனது. அதன் பாட்டுகள் விளம்பரங்களிலும் படங்களிலும் ஒலிக்க ஒலிக்க மக்கள் தேடிப்போய் வாங்கினார்கள், ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. கோல்ட்ஃப்ராப்பின் பாட்டுகளும், அளவில் சிறியதானாலும், அந்த வழியில் நிறையக் காதுகளை அடைந்தன. 2004-இல் பவல் பவ்லிகோவ்ஸ்கி இயக்கிய 'மை சம்மர் ஆஃப் லவ்' படத்தில் 'லவ்லி ஹெட்' வருகிறது, அந்தப் படத்துக்கு இசையே இந்த இருவர்தான். திரைப்படம் இல்லாத திரையிசை என்று பாராட்டியது பிறகு நிஜமாகவே திரைக்குப் போய்விட்டது.

வரவேற்பில் பெரிய திருப்பம் 2001-இல் வந்தது. ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இது இடம்பிடித்தது. அந்த வருடப் பட்டியல் கனமானது: ரேடியோஹெட், எல்போ, ஜீரோ 7, பி.ஜே. ஹார்வி. இலண்டனில் பிறந்த தமிழ்ப் பெண்ணான சுசீலா ராமனின் 'சால்ட் ரெயின்' ஆல்பமும் அதே பட்டியலில் இருந்தது. கர்நாடகக் கீர்த்தனைகளைக் கிதாரோடு வேறு உடையில் கொண்டுவந்த ஆல்பம் அது, நம்மவர்கள் இன்னும் அதிகமாகக் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது. விழா நடந்த தேதி 2001 செப்டம்பர் 11. ஹார்வி அன்று வாஷிங்டனில் இருந்தார். அன்று யாருக்கும் இசைப் பரிசைப் பற்றி எழுத மனமில்லை, அதனால் பட்டியலில் இருந்த மற்ற ஆல்பங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கவனமும் அந்த வருடம் கிடைக்கவில்லை. இந்த ஆல்பத்துக்கு அது ஒரு இழப்புதான்.

அடுத்து அவர்கள் செய்ததும் இந்த ஆல்பத்தின் மதிப்பைக் கூட்டியது என்பேன். இதே மாதிரி இன்னும் இரண்டு செய்திருந்தால் பாதுகாப்பான பிழைப்பு. செய்யவில்லை. 2003-இல் வந்த 'பிளாக் செர்ரி'யில் அதிரும் சிந்தசைசர், நடனத் தாளம், முரட்டுக் கவர்ச்சி. முதல் ஆல்பத்தை நேசித்தவர்களில் ஒரு பகுதியினர் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது பிரிட்டனில் 19-ஆம் இடம், 2005-இன் 'சூப்பர்நேச்சர்' இரண்டாம் இடம். புதிதாக வந்த அந்தக் கூட்டத்தில் பலர் பின்னோக்கிப் போய் 'ஃபெல்ட் மவுன்டன்' கேட்டு அதிர்ந்தார்கள். இருபதாம் ஆண்டை முன்னிட்டு முழு ஆல்பத்தையும் மேடையில் வாசிக்கத் திட்டமிட்டு, கொரோனாவால் தள்ளிப்போய், 2022-இல் அந்தக் கச்சேரிகள் நடந்தன.

குறை இல்லாத ஆல்பம் என்று சொல்லமாட்டேன். 'பேப்பர் பேக்' எனக்கு எப்போதும் கொஞ்சம் சப்பென்றே படுகிறது, 'லவ்லி ஹெட்' கிளப்பிய அதிர்ச்சிக்குப் பின்னால் உடனே வருவதால் இன்னும் அப்படி. 'ஹ்யூமன்' பாட்டில் பாண்ட் வாசனை சற்றுத் தூக்கல். நடுவில் வரும் சொல்லில்லாத பாட்டுகளில் பொறுமை இழப்பவர்களையும் புரிந்துகொள்கிறேன்.

கேட்கத் தொடங்குவதாக இருந்தால் 'லவ்லி ஹெட்', 'யுடோபியா', 'டியர் ஸ்டாப்' மூன்றையும் முதலில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் எம்எஸ்-20-இன் அடியொலி வராது, முணுமுணுப்பும் காணாமல் போகும். பிடித்தால் முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல் ஓடவிடுங்கள். கடைசிப் பாட்டான 'ஹார்ஸ் டியர்ஸ்' தனியாகக் கேட்டால் மந்தமாக இருக்கும், எட்டுப் பாட்டுக்குப் பிறகு வந்தால் அதன் பியானோ வேறு மாதிரி இறங்கும். இதன் தொடர்ச்சியைத் தேடுகிறவர்கள் 'பிளாக் செர்ரி'க்குப் போகவேண்டாம், 2008-இன் 'செவன்த் ட்ரீ'க்கும் 2013-இன் 'டேல்ஸ் ஆஃப் அஸ்'ஸுக்கும் போங்கள். அமைதியும் அந்த நாட்டுப்புற இருட்டும் அங்கேதான் திரும்ப வருகின்றன.